அறுநூற்றை இருநூறாக்கிய அம்மையாருக்கு

ஹேவோன் காகித ஆலையின் மின்துறைத் தலைவரே! மீட்டர் நடுங்கினாலும் மனம் நடுங்காதவரே! மோட்டார் முனகும் முன்பே முகம் திருப்பிப் பார்ப்பவரே! சிவப்புப் பென்சிலைச் செங்கோலாகப் பிடித்தவரே! எங்கள் தோ கியோங்-ஏ அம்மையாரே! குன்சான் கடற்கரையின் உப்புக்காற்றையும் ஊறும் காகிதக்கூழின் வாசனையையும் சுவாசித்து வாழும் மின்துறையினர் நாங்கள் நூற்றுப்பன்னிரண்டு பேரும் எழுந்து நின்று வணங்குகிறோம்!

"நாற்பது ஆண்டுகள் அயராது உழைத்த அன்னையே" என்றுதான் இந்த மடலை முதலில் தொடங்கியிருந்தோம். படித்துப் பார்த்ததும் எங்களுக்கே உறுத்தியது. நீங்கள் வேலைக்குச் சேர்ந்தது 1984 மார்ச் இரண்டாம் தேதி. ஓய்வு பெறுவது இன்று, 2023 ஜூன் முப்பது. முப்பத்தொன்பது ஆண்டு, மூன்று மாதம், இருபத்தெட்டு நாள். ஆகவே நாற்பதை அடித்தோம். "அயராது" என்பதையும் அடிக்க வேண்டியதாயிற்று. ஆலைப் பேருந்து ஆற்றுப்பாலம் ஏறுவதற்குள் நீங்கள் குறட்டைவிடத் தொடங்கிவிடுவதை அறியாதவர் இங்கே இல்லை. மின்பொறியாளர் உரிமத் தேர்வில் "முதல் முயற்சியிலேயே வென்ற" என்று ஒருவர் எழுதிக்கொண்டு வந்தார். மூன்றாம் முயற்சியில் என்று திருத்திக் கொடுத்தோம். வரைபடங்களைப் பார்த்து வரையும் பணியில் இருபத்தொரு வயதில் சேர்ந்த ஒரு பெண், பகலெல்லாம் கோடு போட்டுவிட்டு, மூன்று முறை தேர்வு எழுதி, அந்த வரைபடங்களுக்கே முத்திரை குத்தும் நாற்காலிக்கு வந்தார் என்பதற்கு மேல் என்ன அலங்காரம் வேண்டும்?

குறைகளும் உண்டு. பொட்டலக் காப்பியின் கடைசிப் பொட்டலம் எப்போதும் உங்கள் மேசை இழுப்பறையில்தான் இருக்கும். மின்சாரம் வீணாகிறது என்று சொல்லி, டிசம்பர் மாதத்தில் எங்கள் கால்மாட்டில் இருந்த சூடேற்றிகளை அணைத்தவர் நீங்கள். துறை விருந்துகளில் நீங்கள் பாடத் தொடங்கினால், ஒலிபெருக்கியில் ஏதோ பழுது என்று எண்ணி இன்றும் யாராவது எழுந்து போகிறார்கள். ஒரு புள்ளி இடம் மாறியதற்காகப் பதினோரு பக்க அறிக்கையைத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். இவற்றையெல்லாம் மன்னித்துவிட்டோம். மன்னிக்கக் காரணம் 2012-ஆம் ஆண்டின் வசந்தம். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அந்த மார்ச்சில் புதிய கூழ் அரைவை எந்திரம் வந்து இறங்கியது. ஆறாயிரத்து அறுநூறு வோல்ட், ஆயிரத்து ஐந்நூறு கிலோவாட் மோட்டார். தொடக்க நாளில் வழக்கப்படி, சிரித்த முகம்தான் ராசி என்று தேடி எடுத்த பன்றித்தலை வைத்து, அரிசி அப்பம் படைத்து, மோட்டாரின் நான்கு மூலையிலும் அரிசிக் கள்ளைத் தெளித்தோம். எந்திரத்தை ஓட்டப்போகிறவர் என்ற முறையில் போங் தொக்-சு முதலில் விழுந்து வணங்கினார். அவருடைய பருமனுக்கு மூன்று முறை விழுந்து எழுவது சிறிய காரியமில்லை.

அந்த வணக்கம் பலிக்கவில்லை. மூன்று மாதம் உழைக்க வேண்டிய அரைவைத் தட்டுகள் மூன்றே வாரத்தில் பல் மழுங்கி வெளியே வந்தன. மாற்றினோம். இரண்டாவது ஜோடியும் அப்படியே. மே மாதம் மூன்றாவது ஜோடியும் போனது. காகிதம் விறைத்து, சுருளிலேயே அறுந்தது. தட்டுகளின் நெருக்கத்தைக் கணினி பார்த்துக்கொள்கிறது. அதை மீறிக் கையால் நெருக்கக்கூடியவர் ஒருவர்தான். ஆகவே போங் தொக்-சு கையால் நெருக்கி மூன்று ஜோடித் தட்டுகளைத் தின்றுவிட்டார் என்று மேலிடம் முடிவு கட்டியது. வெள்ளிக்கிழமை ஒழுங்கு விசாரணைக் குழு. அதில் பெயர் ஏறியவர் திங்கட்கிழமை வேலைக்கு வந்த வரலாறு நம் ஆலையில் இல்லை. அவருக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது, பள்ளியில் படிக்கும் இரண்டு பெண்கள்.

அந்த வெள்ளிக்கு முந்தைய திங்கட்கிழமை உணவுக்கூடத்தில் நடந்தது எங்களில் பலருக்கு நினைவிருக்கிறது.

"தொக்-சு அண்ணே, அன்னிக்கு வச்ச பன்னித்தலை சிரிக்கவே இல்ல. நான் அப்பவே நெனச்சேன்" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"அது சிரிச்சா என்ன, அழுதா என்ன? வெள்ளிக்கிழமை எனக்குச் சீட்டு கிழியுது. நீ வாயை மூடிக்கிட்டு சூப்பைக் குடி."

நீங்கள் தட்டை எடுத்துக்கொண்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தீர்கள். அப்போது நீங்கள் பிரிவு மேலாளர்.

"போங் தம்பி, நெருக்கினியா இல்லையா? எனக்கு மட்டும் உண்மையைச் சொல்லு."

"அக்கா, என் ரெண்டு பொண்ணுங்க மேல சத்தியமா நான் தொடவே இல்ல. தட்டும் தட்டும் உரசுற சத்தம் என் காதுக்குக் கேக்குது. அந்த மீட்டருக்குத்தான் கேக்க மாட்டேங்குது. சக்தி பத்தலை, இன்னும் நெருக்கு, இன்னும் நெருக்குன்னு அது பாட்டுக்கு நெருக்குது."

"கூழ் இல்லாம சும்மா சுத்தும்போது எவ்வளவு காட்டுது?"

"முந்நூறு கிலோவாட்."

"பழைய எந்திரம்?"

"அதுவும் இதே சைஸ் மோட்டார்தானே அக்கா. இருநூத்தம்பதைத் தாண்டுனதே இல்ல."

"அப்போ புதுசு மட்டும் எதுக்கு அம்பது கூடத் திங்குது?" என்று கேட்டுவிட்டு, சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தீர்கள். சோற்றைப் பாதியில் விட்டு நீங்கள் எழுந்ததை அதற்கு முன்னும் பின்னும் நாங்கள் கண்டதில்லை.

இந்த அவையில் கணக்குப் பிரிவு நண்பர்களும், அம்மையாரின் குடும்பத்தாரும் இருப்பதால் ஒரு சொல். அரைவை எந்திரம் வெறுமனே சுழல்வதற்கே கொஞ்சம் சக்தி வேண்டும். மொத்தச் சக்தியில் அதைக் கழித்தால் கூழுக்குப் போனது எவ்வளவு என்று தெரியும். கணினி அந்த எண்ணை நம்பித்தான் தட்டுகளை நெருக்குகிறது. கழிக்கும் எண் தவறாகப் பெரிதாக இருந்தால், கூழுக்குப் போனது குறைவாகத் தெரியும்; கணினி மேலும் நெருக்கும்; தட்டுகள் உரசும். அளவுக்கு மூலம் எது? அவ்வளவு பெரிய மோட்டாரின் மின்சாரத்தை நேராக மீட்டருக்குள் விட முடியாது. நடுவில் ஒரு வளையம் இருந்து, பெரிய மின்னோட்டத்தைச் சிறியதாக்கிக் கொடுக்கும். நாங்கள் சி.டி. என்போம். மீட்டர் பார்ப்பது மோட்டாரை அல்ல, அந்த வளையம் சொல்லும் சேதியைத்தான். வளையம் தவறினால் மீட்டர் தவறும், மீட்டர் தவறினால் மனிதன் மாட்டுவான்.

நீங்கள் மின்பெட்டியைத் திறக்கும் முன் கோப்பைத் திறந்தீர்கள். வளையத்தைத் தேர்ந்தெடுத்த படிவம். அதில் நான்கு கட்டங்கள், நான்கு முத்திரைகள். முதல் கட்டம் படிவம் எழுதியவர் நாம்குங் ஹ்யோனுடையது. இன்று இந்த மடலை வாசிக்கும் அதே நாம்குங்தான். உங்களைவிட நான்கு வயதே இளையவர். மோட்டார் முழுச் சுமையில் இழுப்பது நூற்று அறுபது ஆம்பியர் என்று கணக்கிட்டு, இருநூறு ஆம்பியர் வளையம் என்று எழுதியிருந்தார். இரண்டாவது கட்டத்தில் உதவி மேலாளர், நாளை மோட்டாரை மாற்றினாலும் உதவட்டும் என்று முந்நூறாக்கியிருந்தார். மூன்றாவதில் நானூறு. நான்காவதில், மோட்டார் கிளம்பும்போது ஆறு மடங்கு இழுக்குமே என்று அஞ்சிய அன்றைய துறைத் தலைவர் அறுநூறாக்கி, பழுது வந்தால் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்பு ரிலேவுக்கும் மீட்டருக்கும் அந்த ஒரே வளையம் போதும் என்றும் எழுதியிருந்தார்.

வேறு ஊரில் இது நடந்திருக்காது என்று சொல்ல மாட்டோம். ஆனால் நம் அலுவலகத்தில் இது நடந்தே தீரும். மேலே போகும் எண்ணைக் கூட்டலாம். கூட்டினால் பொறுப்பானவர் என்று பெயர். குறைத்தால், கீழே இருப்பவரை நம்பவில்லை என்றோ, மேலே இருப்பவரை எதிர்க்கிறோம் என்றோ ஆகிவிடும். அதனால் நம் ஆலையில் எண்கள் மேல்நோக்கி மட்டுமே வளர்ந்தன. மூன்றாவது கட்டத்தின் நானூறு யாருடையது? அதுதான் அன்று உங்களை நாற்காலியில் உட்கார வைத்தது.

"இருநூறுன்னு சரியா எழுதிட்டு ஏன் சும்மா இருந்தே, நாம்குங்?"

"மேல போகப் போக வளந்துச்சு அக்கா. நான் என்ன பண்ண?"

"வாயைத் தொறந்திருக்கலாம்."

"நீங்க நானூறுன்னு முத்திரை குத்தினப்போ நான் வாயைத் தொறந்திருந்தா, கேட்டிருப்பீங்களா?"

கோப்பை மூடி வைத்தீர்கள்.

"கேட்டிருக்க மாட்டேன்" என்றீர்கள்.

மறுநாள் ஆலை இயக்குநர் பியோனிடம் போய், எந்திரத்தை நிறுத்தி அளக்க அனுமதி கேட்டீர்கள். ஏற்கெனவே மூன்று முறை நின்றுபோன எந்திரம். அவர் இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டு மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் நின்னாலும், வெள்ளிக்கிழமைக் குழுவுல உங்க பேரையும் சேர்த்துடுவேன்."

"சேர்க்க வேண்டியிருந்தா நானே சொல்றேன் சார்" என்றீர்கள். அதன் பொருள் அவருக்கு வெள்ளிக்கிழமைதான் புரிந்தது.

புதன்கிழமை காலை. ஜொன்ஜு நகரச் சோதனைக்கூடத்தில் இரவல் வாங்கிய இரண்டு துல்லிய வளையங்கள், இருநூறு ஆம்பியருக்கானவை. மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டி, தரையிணைப்பு கொடுத்து, பழைய வளையங்களுக்குப் பக்கத்திலேயே அவற்றை மாட்டினோம். மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் கருவிகள் ஏற்கெனவே சரியாக இருந்தன; அவற்றையும் ஒருமுறை சோதித்தீர்கள். மீட்டர்கள் இரண்டையும் மின்பெட்டிக்கு அருகிலேயே வைத்து, கை நீளத்துக்கே கம்பி விட்டீர்கள். எந்த முனை எந்தப் பக்கம் என்று மூன்று முறை பார்த்து, சுண்ணக்கட்டியால் அம்புக்குறியும் போட்டீர்கள். மோட்டார் கிளம்பியது. கூழ் இல்லை, தட்டுகள் விலகியே இருந்தன, வெறும் சுழற்சி. இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு மீட்டர் இருநூற்றுத் தொண்ணூறு காட்டியது. மற்றொன்றைப் பார்த்ததும் நாம்குங்கின் முகம் வெளுத்தது.

"அக்கா, இதுல மைனஸ் நாப்பது காட்டுது! வயரைத் தலைகீழா மாட்டிட்டோம். நிறுத்தி மாத்திடவா?"

"தொடாதே! கையை எடு."

"மைனஸ் எப்படி வரும் அக்கா? மோட்டார் என்ன கரண்ட்டைத் திருப்பியா குடுக்குது?"

"அம்புக்குறி நான் போட்டது. வயர் சரியாத்தான் இருக்கு. ரெண்டு மீட்டர் வச்சு அளந்தா, சும்மா சுத்துற மோட்டாருக்கு ஒண்ணு மைனஸ்லதான் நிக்கும். அது சரியாத்தான் சொல்லுது. கூட்டாதே, கழி."

இருநூற்றுத் தொண்ணூற்றில் நாற்பது போனால் இருநூற்றைம்பது. கம்பியை மாற்றியிருந்தால் இரண்டும் கூடி முந்நூற்று முப்பது என்றாகியிருக்கும். கட்டுப்பாட்டறை மீட்டர் கூட்டிக் காட்டவே இல்லை என்று ஆகியிருக்கும். போங்கின் கதை அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். ஒருவரின் பிழைப்பு ஒரு திருகாணியில் தொங்கியதை அன்று பார்த்தோம். அந்தத் திருகாணியைத் தொடாமல் விட்ட துணிவைத்தான் இன்று பாராட்டுகிறோம்.

தொலைபேசியை எடுத்தீர்கள். "போங், அங்க எவ்வளவு?"

"முந்நூறு அக்கா. மாறவே இல்ல."

"இங்க இருநூத்தம்பது. எழுதிக்கோ, நேரத்தையும் எழுதிக்கோ."

மறுமுனையில் பென்சில் கீறும் சத்தம் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. "கூழ்த்தூசி அக்கா" என்றார் போங்.

இயக்குநர் கடிகாரத்தை மறந்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பினார். "எப்படிம்மா அம்பது கிலோவாட் தப்பும்?"

"சும்மா சுத்தும்போது இது இழுக்கிறது அம்பத்தஞ்சு ஆம்பியர் சார். நாம வச்சிருக்கிறது அறுநூறு ஆம்பியர் வளையம். பழைய காகித லாரியை நிறுத்துற எடைமேடையில ஒரு முட்டைக்கோஸை வச்சு எடை பார்த்திருக்கோம். அதுவும் ரிலேவுக்காகச் செஞ்ச வளையம். பெரிய பழுதுல தாங்கி நிக்கத் தெரியும், சின்னதுல உண்மை பேசத் தெரியாது. போதாக்குறைக்கு நூத்தறுபது மீட்டர் கம்பியை இழுத்துக் கட்டுப்பாட்டறை வரைக்கும் சுமக்க விட்டுட்டோம். களைச்சுப்போய் கொஞ்சம் தடம் மாறிச் சொல்லுது. முழுச் சுமையில அந்தத் தடுமாற்றம் தெரியாது. வெறுமனே சுத்தும்போது அந்தத் துளிதான் அம்பதா நிக்குது."

வந்தது வெள்ளிக்கிழமை. நீள மேசை, ஏழு பேர், நடுவில் பெயர்ப் பட்டியல். பிழை வளையத்தில்தான் என்பதை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த கேள்வி வந்தே தீரும், வந்தது.

"அப்போ இந்த வளையத்தைத் தேர்ந்தெடுத்தது யாரு?"

அறுநூறு என்று எழுதியவர் அந்த மேசையிலேயே இருந்தார். அவருடைய பார்லித் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. இருநூறு என்று எழுதியவர் சுவரோரம் நின்றிருந்தார். நீங்கள் இருவர் பக்கமும் திரும்பவில்லை.

"மூணாவது கட்டம் என்னோடது. முந்நூறா வந்ததை நானூறாக்கினது என் கை. காரணம் கேட்டா என்கிட்ட இல்ல. கணக்குப் போடல. கொறைச்சா ஏதாவது சொல்லுவாங்களோன்னு பயந்தேன், கூட்டினா யாரும் கேக்க மாட்டாங்கன்னு தெரியும். அந்த இடத்துல நான் நிறுத்தியிருந்தா அங்கேயே நின்னிருக்கும். பட்டியலுக்கு ஒரு பேர் வேணும்னா என் பேரை எழுதிக்கோங்க."

சொல்லிவிட்டு, காதில் செருகியிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்து, பட்டியலில் இருந்த போங் தொக்-சு என்ற பெயரின்மேல் ஒரு கோடு இழுத்தீர்கள். உயிரோடு இருப்பவர் பெயரைச் சிவப்பில் எழுதுவது சாவை அழைப்பது என்பதால் நம்மில் யாருக்கும் கை வராது. "ஐயையோ, பேருக்குச் சிவப்பா!" என்று யாரோ பதறினார்.

"எழுதலையே சார். அடிக்கத்தானே செய்யறேன்" என்றீர்கள். பிறகு இயக்குநரிடமே கறுப்புப் பேனாவை இரவல் வாங்கி, அதன் கீழே உங்கள் பெயரை நிதானமாக எழுதினீர்கள்.

போங் திங்கட்கிழமை வேலைக்கு வந்தார். அளப்பதற்கென்றே செய்த இருநூறு ஆம்பியர் வளையங்கள் வந்தன; ரிலேவுக்கு வேறு வளையம்; நீளக் கம்பியைத் தாங்கும்படி ஐந்து ஆம்பியருக்குப் பதில் ஒரு ஆம்பியரில் சேதி சொல்லும் வகை. அடுத்த ஜோடித் தட்டுகள் தொண்ணூற்று நான்கு நாள் உழைத்தன. அடுத்த ஜனவரியில் உங்களுக்கு வரவேண்டிய பதவி உயர்வு மட்டும் ஐந்து ஜனவரிகள் தள்ளி வந்தது. அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை; கேட்டிருக்க வேண்டும். அந்த ஒன்றுக்காக இன்று மன்னிப்புக் கேட்கிறோம்.

துறைத் தலைவரானதும் நீங்கள் செய்த முதல் வேலை, படிவத்தில் ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்த்தது: "எண்ணை மாற்றுபவர் காரணத்தை எழுதவும்." அந்தக் கட்டத்தைப் பார்த்தே பாதிப் பேர் கூட்டுவதை விட்டுவிட்டார்கள். ஆற்றுநீர் இறைப்பான்கள் முதல் காற்றுறிஞ்சிகள் வரை, அதன்பின் நம் ஆலையில் முப்பத்தொரு பெரிய மோட்டார்களுக்கு வளையம் தேர்ந்தெடுத்தோம். ஒன்றைக்கூடத் திரும்பக் கழற்ற நேரவில்லை. முப்பத்தொன்று என்பது எண்ணிச் சொன்னது.

அளவின் அரசியே! அஞ்சியதை அவையில் சொன்ன அஞ்சாமையே! பாராட்டு என்றாலே கூட்டி எழுதுவதுதான் வழக்கம். உங்களை அறுநூறு ஆம்பியர் வளையத்தில் அளந்து, உங்களுக்கே தெரியாத ஒரு தெய்வமாக்கி, சட்டமிட்டுத் தருவது எங்களுக்கு எளிது. ஆனால் நீங்கள் உண்மையில் சுமந்த சுமைக்கு ஏற்ற வளையத்தையே தேடினோம். அதில் அளந்து பார்த்தபோது நீங்கள் குறையவில்லை, தெளிவாகத் தெரிந்தீர்கள்.

இறுதியாக வாழ்த்து. நம் வழக்கப்படியே இந்த மடலின் அடியில் முத்திரைக்கு நான்கு கட்டங்களும் காரணத்துக்கு ஐந்தாவதும் போட்டு, உங்கள் ஆயுளை எழுதச் சொல்லிச் சுற்றுக்கு விட்டோம். வரிசையை மட்டும் மாற்றி, முதல் கட்டத்தைப் போங் தொக்-சுவிடம் கொடுத்தோம். அவர் எண்பது என்று எழுதினார். நாம்குங் அதைத் தொண்ணூறாக்கினார். புதிய பிரிவு மேலாளர் நூறாக்கினார். ஆலை இயக்குநர் நூற்றிருபது என்று எழுதி முத்திரை குத்திவிட்டார். ஐந்தாவது கட்டத்தில் காரணம் எதையும் யாரும் எழுதவில்லை. காரணம் எழுத வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்த ஒரு எண்ணை நீங்கள் குறைக்க முடியாது, அம்மையாரே. உங்கள் சிவப்புப் பென்சிலை இன்று காலையிலேயே எடுத்து ஒளித்துவிட்டோம்.

என்றும் உங்கள்,
போங் தொக்-சு, அரைவைப் பிரிவு
நாம்குங் ஹ்யோன், அளவீட்டுப் பிரிவு
மற்றும் மின்துறையின் மீதி நூற்றுப்பத்துப் பேர்
ஹேவோன் காகித ஆலை, குன்சான்
2023 ஜூன் 30